டாக்யார்டில் ஒரு வயதுக் கணக்கு

பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது என்பார்கள். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடும் பிள்ளைகளிடமோ வயதைத்தான் முதலில் கேட்கிறார்கள்! கடற்படையின் டாக்யார்டுகளில் இந்தக் கேள்வி எத்தனையோ குடும்பங்களைக் கலங்க வைத்திருக்கிறது.

மும்பை டாக்யார்டு பழம் பெருமை வாய்ந்தது. 1735-ல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்ஸிக்காரர் அங்கே கப்பல் கட்டத் தொடங்கினார். பிறகு தலைமுறை தலைமுறையாக அவருடைய சந்ததியாரே தலைமை மேஸ்திரிகள். 1817-ல் அவர்கள் தேக்கில் கட்டிய, திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில், ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அந்த நாளில் தகப்பனிடமிருந்து மகனுக்கு உளி வந்தது. கூடவே வேலையும் வந்தது.

இன்று அப்படியா? மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் ஐ.டி.ஐ. தேறிய பிள்ளைகள் பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று அப்ரண்டிஸாகச் சேருகிறார்கள். "பையனுக்கு டாக்யார்டில் வேலை ஆகிவிட்டது!" என்று தாயார் பூரித்துப் போகிறாள். ஆனால், அது வேலையல்ல, அம்மா, படிப்பு! கைக்கு வருவது சம்பளமல்ல, உதவித் தொகை. பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்று 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் வாக்களிக்கவில்லை. இதற்காக ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளும்படி வேலை கொடுப்போருக்கு 2014-ம் வருஷத் திருத்தம் சொல்கிறது, அவ்வளவுதான்.

நிரந்தர வேலைக்கு விளம்பரம் வர வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். டிரேட்ஸ்மேன் வேலைக்கு வயது பொதுவாக 18 முதல் 25 வரை. ஒதுக்கப்பட்ட இடங்களுக்குத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 வருஷமும், பிற்பட்டோருக்கு 3 வருஷமும் சலுகை உண்டு. விளம்பரம் வருஷந்தோறும் வரும் என்ற நிச்சயமில்லை. வயதோ வருஷந்தோறும் தவறாமல் வந்துவிடுகிறது!

இங்கேதான் பலர் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. உத்தரப் பிரதேச பஸ் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி பெற்றவர்களின் வழக்கில், 1995-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி காட்டியது. மற்றத் தகுதிகள் சமமானால் பயிற்சி பெற்றவருக்கே முதலிடம். வயது குறுக்கே நின்றால் வேலை விதிகளைப் பார்க்க வேண்டும். விதிகள் மௌனம் சாதித்தால், பயிற்சியில் கழிந்த காலத்துக்கு வயதில் சலுகை தர வேண்டும். அதாவது, 2 வருஷம் பயின்றவனுக்கு 25 என்பது 27 ஆகலாம்.

"தற்காலிகமாக நுழைந்துவிட்டால் போதும், தானே பெர்மனெண்ட் ஆகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். முறையான தேர்வின்றி வந்தவர், பல வருஷம் உழைத்ததாலேயே நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் அதே கோர்ட் கூறிவிட்டது.

ஆகவே தாய்மார்களே, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதி சரியா என்று இன்றே பாருங்கள். பயிற்சிச் சான்றிதழைப் பீரோவில் பத்திரப்படுத்துங்கள். விளம்பரம் வந்த அன்றே மனுவை அனுப்பச் சொல்லுங்கள். நிரந்தரமாகிவிட்டால் 60 வயது வரை உத்தியோகம். பெண் பார்க்கும் படலத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!