தங்கத்துக்குக் காத்திருந்த 40 ஆண்டுகள்

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நஃப்தாலி தெமு, கிப்சோகே கெய்னோ, அமோஸ் பிவோட் ஆகிய மூவரும் தங்கம் வென்றார்கள். ஓட்டம் என்றால் கென்யா என்ற பேச்சு அன்று தொடங்கியது. கென்யப் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஓடியதும் அதே மெக்சிகோவில்தான். ஆனால், அவர்களில் ஒருவர் கழுத்தில் தங்கம் ஏற 2008 பெய்ஜிங் வரை ஆனது. 800 மீட்டரில் பமேலா ஜெலிமோ, 1,500 மீட்டரில் நான்சி லாங்காட்.

மலையும் காற்றும் அண்ணன் தங்கை இருவருக்கும் பொதுதான். பிறகு ஏன் 40 ஆண்டுகள்?

சபினா செபிச்சியின் வாழ்க்கையில் பாதி பதில் இருக்கிறது. ஓடுவதற்கென்று உடை இல்லாமல் உள்பாவாடையோடு ஓடி ஜெயித்த பள்ளிச் சிறுமி அவர். 'பெட்டிகோட் இளவரசி' என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1974 காமன்வெல்த் போட்டியில், 800 மீட்டரில் வெண்கலமும் வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில், இளம்வயதிலேயே தாயாகி, தடகளத்தை விட்டே போய்விட்டார். அந்தத் தலைமுறையில் திறமையுள்ள பெண்களுக்குக் குறைவில்லை. அவர்கள் ஓட்டத்தில் நிலைக்கத்தான் வழியில்லை. பையன் 18 வயதில் பயிற்சி முகாமுக்குப் போவான். பெண் அதே வயதில் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவர் வெளியிலிருந்து வந்தார். 1976-ல் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து, கென்யாவின் இட்டென் என்ற மலையூருக்கு வந்த ஓர் இளம் துறவி அவர். பெயர் கொலம் ஓ'கானல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர் வேலை. அவர் சார்ந்த பேட்ரிசியன் சபைதான் சென்னை அடையாறிலும் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியை நடத்துகிறது.

தடகளத்தில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. பள்ளியில் அப்போது ஓட்டப் பயிற்சி கொடுத்துவந்தவர் பீட்டர் ஃபாஸ்டர். பிரிட்டனின் ஒலிம்பிக் வீரர் பிரெண்டன் ஃபாஸ்டரின் சகோதரர். பீட்டர் ஊர் திரும்பியதும் பொறுப்பு கொலம் தலையில் விழுந்தது. பயிற்சியாளர் படிப்பு எதுவும் படிக்காதவர், பையன்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அந்தப் பள்ளியின் மாணவர்.

பையன்களோடு நிறுத்தியிருந்தாலும் கொலமின் பேர் நிலைத்திருக்கும். ஆனால், 1989-ல் இளையோருக்கான பயிற்சி முகாமைத் தொடங்கியவர், பெண்களையும் அதில் சேர்த்தார். பள்ளி விடுமுறையில் முகாம் என்பதுதான் இதில் முக்கியம் என்று தோன்றுகிறது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குத் தண்ணீர் சுமப்பதும் தம்பி தங்கைகளைப் பார்ப்பதுமே வேலை. கல்யாணப் பேச்சும் அப்போதுதான் எழும். பள்ளி ஆசிரியர் நடத்தும் முகாம் என்றால், பெற்றோரும் நம்பி அனுப்புவார்கள்.

அவர் கொடுக்கும் பயிற்சியைப் பார்ப்பவர்களுக்கு முதலில் வியப்புதான் வரும். வேகமே இருக்காது. புல்தரையில் வரிசையாக நின்று முழங்காலை உயர்த்தி இறக்குவார்கள். பிறகு செம்மண் சாலையில் ஒருவர் பின் ஒருவராக மெல்லோட்டம். தோள் இறுகுகிறதா, கை குறுக்கே போகிறதா, பாதம் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்துக்கொண்டே கூட வருவார். 15 வயதுப் பெண்ணைக் கசக்கிப் பிழியாமல் வளர்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஏனென்றால், பிழியும் ஆபத்து உண்மையிலேயே இருந்தது. 1991-ல் ஆன்ட்வெர்ப்பில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஜூனியர் பட்டம் வென்ற லிடியா செரோமெய்க்கு 13 வயதுதான். 1993 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கிய சாலி பர்சோசியோவுக்கு 15. நான்கு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் அதே தூரத்தில் அவர் தங்கமும் வென்று, ஓடுபாதைப் போட்டியில் கென்யாவின் முதல் பெண் உலகச் சாம்பியன் ஆனார். ஜூனியர் கிராஸ் கன்ட்ரிக்கு 16 வயதாவது ஆக வேண்டும் என்ற விதி பிற்பாடு வந்தது; வந்தது நல்லது.

கொலமின் முகாமில் வளர்ந்த ஜேனத் ஜெப்கோஸ்கெய், 2007-ல் ஒசாகாவில் 1 நிமிடம் 56.04 விநாடியில் 800 மீட்டர் உலகத் தங்கத்தை வென்றார்.

ஆனால், பள்ளி முடிந்த பிறகு இந்தப் பெண்கள் எங்கே போவது? பெரியவர்களின் முகாம்களில் ஆண்கள் ஓடிவிட்டு வந்து படுக்க, பெண்கள் ஓடிவிட்டு வந்து சமைத்தார்கள். அதை அனுபவித்த லோர்னா கிப்லகாட், ஓடிச் சம்பாதித்த பணத்தில் 1999-ல் இட்டெனிலேயே ஒரு பயிற்சி மையத்தைத் திறந்தார். பெண்கள் ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் முதல் நோக்கம்.

இத்தனைக்குப் பிறகும் 2021 அக்டோபரில், 25 வயது ஆக்னஸ் திரோப் இட்டெனில் தன் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 2015-ல் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியனாக இருந்தவர். இறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான், பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டரில் 30 நிமிடம் 1 விநாடி என்ற உலக சாதனையைப் படைத்திருந்தார். கணவர்மீது கொலைவழக்குப் பதிவானது. திரோப்பின் குடும்பத்தாரும் சக வீராங்கனைகளும் சேர்ந்து 'திரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு, ஓடுகிறவர்களோ இல்லையோ, அது உதவுகிறது.