வெள்ளிவிழாவுக்குக் கடதாசிப் பூக்கள்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே திருமண வெள்ளிவிழாக்கள் பெருகி வருகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. தாயகத்தில் எமது பெற்றோர் மணநாளை ஆண்டுதோறும் கொண்டாடியவர்கள் அல்லர். கணவருக்கு அறுபது வயது நிறைவுறும்போது மணிவிழா எடுப்பதே பெருவழக்காக இருந்தது. 25ஆம் ஆண்டை வெள்ளி என்றும் 50ஆம் ஆண்டைப் பொன் என்றும் போற்றுவது மேனாட்டார் மரபு. ஆங்கிலேயர் வழக்கில் முதலாம் ஆண்டு கடதாசிக்கு உரியது.

எமது இல்லங்கள் பலவற்றில் இவ்விழா நெருங்கும்போது ஒரு குறை தலைகாட்டும். மேசைமீது வைப்பதற்குத் திருமணப் படங்கள் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோதும், 2009இல் வன்னியில் இடத்துக்கிடம் ஓடியபோதும், பிள்ளைகளைக் கைப்பிடித்துச் செல்வதே பெரும்பாடாயிற்று. படத்தொகுப்புகள் வீட்டோடு போயின. இக்குறையை மண்டபமும் மின்விளக்கும் பிளாஸ்ரிக் பூக்களும் மறைக்கலாம், நிறைவு செய்யமாட்டா. பெற்றோரின் விழாவுக்குப் பிள்ளைகளே விருந்தினர்போல் வந்து, உண்டு, படமெடுத்துத் திரும்புவதையும் காண்கிறோம்.

ஜேர்மனியில் வெஸ்ற்பாலியா, கீழ் றைன் பகுதிகளின் ஊர்களில் அழகிய வழக்கம் ஒன்றுண்டு. ஒரு வீட்டில் வெள்ளிவிழா வருமுன் அயலவர்கள் மாலையில் ஒன்றுகூடுவர். கடதாசியில் ரோசாப் பூக்கள் சுற்றி, ஊசியிலை மரக் கிளைகளால் கட்டிய மாலையில் அவற்றைப் பொருத்தி, தம்பதியர் வீட்டு வாசலை அலங்கரிப்பர். வெள்ளிவிழாவுக்கு வெள்ளி நிறப் பூ. பொன்விழாவுக்குப் பொன்னிறப் பூ. பூவை விலைகொடுத்து வாங்க முடியாமல் அவர்கள் இதைச் செய்வதில்லை. பூச்சுற்றும் மேசையில் நிகழும் உரையாடலே விழாவின் தொடக்கம். வாழை நாட்டவும் தோரணம் கட்டவும் ஊர்கூடிய எமக்கு இது அந்நியமான வழக்கமன்று.

இப்பூவைச் செய்தல் எளிது. ஒரு சுருள் கிறேப் கடதாசி வழமையாக 50 சென்ரிமீற்றர் அகலமும் 250 சென்ரிமீற்றர் நீளமும் கொண்டது. சுருளைப் பிரிக்காமலே 7 சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளாக வெட்டுக. பின்னர் ஒவ்வொன்றையும் 50 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பிரித்தால் 35 பட்டிகள் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு பூவாக 25 பூக்களுக்கு ஒரு சுருளே போதும். பழகுவதற்கும் பத்து மிஞ்சும். பட்டியின் மேல் விளிம்பை ஒரு சென்ரிமீற்றர் மடித்து, இடையிடையே இரு பெருவிரல்களாலும் மெல்ல இழுத்துவிட்டால் இதழ்போல் வளையும். தொடக்கத்தில் இறுக்கமாகவும் பின்னர் தளர்வாகவும் சுருட்டி, அடிப்பாகத்தை ஒடுக்கி, மெல்லிய கம்பியால் கட்டிவிடுக.

அடுத்தது மணநாட் சுவடி. படத்தொகுப்பு இல்லாத வீட்டுக்கு இதுவே படத்தொகுப்பு. தடித்த ஏ4 தாள் நான்கை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் எட்டுப் பட்டிகள் வரும். ஏழு போதும். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் 1.7 சென்ரிமீற்றரை ஒட்டுவதற்கு விட்டு, எஞ்சிய 28 சென்ரிமீற்றரை 7 சென்ரிமீற்றர் வீதம் முன்னும் பின்னுமாக மடிக்கவேண்டும். ஏழையும் தொடராக ஒட்டி, இறுதியில் மிஞ்சும் ஓரத்தை வெட்டிவிட்டால் 28 பக்கங்கள்: முன்னட்டை, பின்னட்டை, மணநாளுக்கு ஒன்று, ஆண்டுகளுக்கு 25. பசைக்குக் கடை தேடவேண்டியதில்லை. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மேலும் ஒரு குவளை நீர்விட்டு, மெல்லிய தீயில் கிண்டி இறக்கினால் நாம் பட்டம் ஒட்டிய அதே பசை. மெல்லியதாகப் பூசி, மேலே பாரம் வைத்து, ஓரிரவு உலரவிடுக.

பக்கங்களில் எழுதவேண்டியவர்கள் பிள்ளைகள், சொல்லவேண்டியவர்கள் பெற்றோர். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், இவ்வாறு பூச்சுற்றிக்கொண்டிருந்த மகள், "அம்மா, உங்கள் கலியாணம் எந்த மண்டபத்தில் நடந்தது?" என்று கேட்டாள். இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை வகுப்பறையில் நடந்தது என்றும், மஞ்சட் கயிறே தாலிக்கொடி என்றும் தாய் சொன்னார். இருபது வயதை எட்டிய அம்மகள் அதனை அன்றுதான் அறிந்தாள். அவ்வகுப்பறையின் கரும்பலகையைச் சுவடியின் முதற் பக்கத்தில் வரைந்தாள். எந்தப் படப்பிடிப்பாளரும் எடுத்துத் தந்திராத படம் அது.

எல்லாவற்றையும் சொல்லுமாறு பெற்றோரை நெருக்குதல் கூடாது. சில ஆண்டுகளைப் பற்றிப் பேச அவர்களுக்கு மனம் வராதிருக்கலாம். அப்பக்கத்தில் ஆண்டினை மட்டும் எழுதி, எஞ்சிய இடத்தை வெறுமையாக விடுக. சொல்லத் தோன்றும் காலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வாசலுக்குத் தோரணமும் வேண்டும். குருத்தோலை கிடைக்காத இடத்தில் வெளிர்பச்சைக் கடதாசியில் அதே மடிப்பை மடிக்கலாம். ஆனால் மங்கல வீட்டுத் தோரணம் வேறு, அமங்கல வீட்டுத் தோரணம் வேறு என்பதை மறத்தலாகாது. மடிப்பறிந்த முதியவர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளின் அருகில் இருத்துக. தனிமையில் நாள்களைக் கழிக்கும் அம்மூத்தோருக்கும் அது ஒரு நல்ல மாலையாகும்.

கடதாசி மடித்தலும் பின்னுதலும் சிறுவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். 1840இல் தமது சிறுவர் கல்விக்கூடத்துக்குக் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்ட ஜேர்மனியக் கல்வியாளர் பிறீட்றிக் புறோபல், இவற்றைத் தம் கல்விமுறையிலேயே சேர்த்திருந்தார். கையால் செய்தது மனத்தில் தங்கும் என்பதை வகுப்பறையில் நின்றோர் அனைவரும் அறிவர்.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்தில் அடுத்து வரும் மணநாளுக்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். தொலைக்காட்சியை நிறுத்தி, கைப்பேசிகளை அப்பால் வைத்து, மேசையில் கடதாசியையும் கத்தரிக்கோலையும் பரப்புங்கள். பூக்கள் சற்றுக் கோணலாக வந்தாலும் கவலையில்லை. பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள். நீங்களும் சொல்லத் தொடங்குங்கள்.