மேடம் வீட்டுக்காரர்

சார், எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, திண்டிவனத்தில் நான் குப்பை கொட்டும் ஆபீஸின் வருகைப் பதிவேட்டில்கூட இருக்கிறது. ஆனால் சாயங்காலம் விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கினால் அது காலி. "அதோ போறாரு பாரு, பட்டிமன்றம் மேடம்... அவங்க வீட்டுக்காரர்!"

என் மனைவி டீச்சர். திருவிழாக்களில் பட்டிமன்றம் பேசுவாள். மயிலம் பக்கம் ஒரு ஊரில் அவள் பேசிய மூன்று நிமிஷத்தை யாரோ செல்போனில் பிடித்து அனுப்பிவிட, அது வாட்ஸ்அப்பில் சுற்றோ சுற்றென்று சுற்றியது. எங்கள் ஆபீஸ் மானேஜரே எனக்கு அனுப்பிவைத்தார். (கண்ணெதிரே இருக்கும் மூக்குக் கண்ணாடியைத் தேடும் புருஷன் ஒருவன் அந்தப் பேச்சில் வருகிறான். அது யார் என்று மானேஜர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.)

அப்புறம் ஒருநாள் டி.வி.யிலிருந்து போன். சென்னையில் பொங்கல் நிகழ்ச்சிக்கு ஒளிப்பதிவாம். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தது நான். "பாப்பாவுக்குப் பரீட்சை சார், வர முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா படிப்பது ஒண்ணாங் கிளாஸ்!

இதை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில்தான் போன மாசம் பழைய புத்தகக் கடையில் ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' கையில் சிக்கியது. 1971இல் வந்த நாவல். 1978இல் பீம்சிங் டைரக்‌ஷனில் லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்து சினிமாவாகவும் வந்தது. ஜெயகாந்தன் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அஞ்சாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சின்னப் பையனாக விழுப்புரத்துக்கு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பாரதியாரும் கம்யூனிசமும் அவருக்கு அறிமுகமானது இங்கேதான். ஞானபீடம் வரைக்கும் போனவர் எங்கள் ஊர்த் தெருக்களில் திரிந்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் வாங்கினேன். பெயரைப் பார்த்துப் பயந்து வாங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

காலை ரயிலில் ஜன்னலோரம் பிடித்து ஆரம்பித்தேன். கல்யாணி நாடக நடிகை. ரங்கா பத்திரிகைக்காரன், மனைவியை இழந்தவன். ரெண்டு பேரும் மனசுக்குப் பிடித்துத்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பேரணி வருவதற்குள் வயிற்றில் புளி கரைத்துவிட்டது.

ஏன் என்றால், ரங்கா குடிகாரன் இல்லை. சந்தேகப் பிராணி இல்லை. மனைவி மேடையேறக் கூடாது என்று தடுக்கிற ஆளும் இல்லை. அவனுக்கு இருப்பது ஒரே ஒரு குறைதான். 'நான் இல்லாவிட்டாலும் இவள் நன்றாகத்தான் இருப்பாள்.' அது அவனுக்குத் தாங்கவில்லை. அவள் அழுது புரண்டு, நீங்கள் இல்லாமல் நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பக்கமும் மிச்சம். அவள் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத நடிகை!

பிரியலாம் என்று வக்கீலிடம் போனால் அங்கே வேறு சிக்கல். சண்டை இல்லை, குற்றம் இல்லை, அப்புறம் எதற்கு விவாகரத்து? இப்போது படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் 1955 இந்து திருமணச் சட்டத்தில், ரெண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கு வழி வந்ததே 1976 திருத்தத்தில்தான். நாவல் அதற்கு அஞ்சு வருஷம் முந்தியது. ஒருத்தரை ஒருத்தர் குற்றவாளியாக்காமல் விலகக் கூடாதா என்று ஜெயகாந்தன் அப்போதே கேட்டுவிட்டார்.

கடைசியில் கல்யாணிக்குக் கால் விளங்காமல் போகிறது. ரங்கா திரும்பி வருகிறான். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர் சீட்டு முறுக்குக்காரர் "இன்னா சார், தூசா?" என்றார். ஆமாம் என்றேன்.

அன்று ராத்திரி டி.வி. போன் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"தெரியும். அன்னிக்கு மத்தியானமே அவங்க ஸ்கூலுக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க."

"அப்ப ஏன் போவலை?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

எத்தனை மாசம், சார்! அத்தனை மாசமும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள், சர்க்கரைகூடக் குறையவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் புத்தகத்தை நீட்டினேன். "படிச்சுப் பாரு, கடைசியில ரங்கா எப்படி மாறிடறான்னு."

ரெண்டு ராத்திரியில் முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அவளுக்குப் பேச்சு. ரயிலில் போகும்போது புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. கல்யாணியை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா ஒரு சந்தேகம்ங்க."

"என்ன?"

"அவன் திரும்பி வர்றதுக்கு அவளுக்குக் கால் விளங்காம போவணுமா? நடந்துக்கிட்டு இருக்கறப்பவே வந்திருக்கக் கூடாதா?"

நான் உருகிப்போன இடம் அது. அவன் திரும்பி வந்தது அன்பினால்தான் என்று இன்னமும் அடித்துச் சொல்வேன். கால் போனபிறகு மனைவியை விட்டு ஓடும் ஆம்பிளைகள்தானே ஜாஸ்தி? ஆனால் விக்கிரவாண்டியிலிருந்து மயிலம் வரை யோசித்தும் அவள் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. படுத்துக்கிடப்பவளுக்கு அவன் வேண்டும். நடக்கிறவளுக்கு அவன் வேண்டாமோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம்தானே?

திண்டிவனத்தில் இறங்கும்போது பேச்சை மாத்தினேன்.

"இன்னிக்கு என்ன தலைப்பு?"

"பெண்ணுக்குப் பெருமை குடும்பமா, புகழா."

பகீரென்றது. "நீ... எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் உக்காரச் சொல்றாங்களோ அந்தப் பக்கம். ரெண்டுக்கும் ஒரே கவர்தாங்க. அந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க."