உள்நிலத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்து

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையோர நகரங்களைச் சேர்ந்த பல உயர்நிலைப் பள்ளிகள், தம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களை ஆண்டின் நடுவில், அதாவது அந்நாட்டின் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், பேருந்தில் ஏற்றிக் கண்டத்தின் நடுப்பகுதிக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளன. அவர்கள் செல்லும் பகுதி 'அவுட்பேக்' என்று அழைக்கப்படுகிறது. கடற்கரைப் பட்டையைக் கடந்து உள்ளே விரியும் வறண்ட நிலம் முழுவதையும் குறிக்கும் இந்தப் பெயருக்குச் சட்டப்படியான எல்லை ஏதும் இல்லை. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு வறண்டதோ பாதி வறண்டதோ ஆகும். மக்களில் மிகப் பெரும்பாலோரோ கடற்கரையை ஒட்டியே வாழ்கின்றனர். ஆகவே மெல்போர்னில் பிறந்து வளரும் ஒரு பிள்ளைக்குத் தன் நாட்டின் பெரும்பகுதி, வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் காணும் வெற்றிடமாகவே இருந்துவிடுவது இயல்பு. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே இப்பயணத்தின் நோக்கம் என்று பள்ளிகள் கூறுகின்றன. ஆனால் அந்நோக்கம் நிறைவேறுவது, சென்று சேரும் இடங்களைக் காட்டிலும், அங்கே செல்லும் சாலையில்தான் என்பதைப் பள்ளிகளே போதிய அளவு உணர்ந்திருப்பதாகத் தோன்றவில்லை.

தொலைவின் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். மெல்போர்னிலிருந்து அடிலெய்டு ஏறத்தாழ 725 கிலோமீட்டர். அங்கிருந்து ஓப்பல் எனும் மணிக்கல் தோண்டப்படும் கூபர் பீடி 850 கிலோமீட்டர். அதைக் கடந்து, உலுரு பாறைக்கு அருகிலுள்ள யுலாரா என்னும் சுற்றுலாக் குடியிருப்பு 735 கிலோமீட்டர். யுலாராவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் 445 கிலோமீட்டர். திரும்பும் வழியையும் சேர்த்தால் பயணம் 5,000 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பெரிய பேருந்துகளின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவியால் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், எங்கும் நில்லாமல் ஓடினாலும் ஐம்பது மணி நேரம் இருக்கையிலேயே கழியும். நடைமுறையில் இது அதைவிடக் கூடும். ஏனெனில் ஓட்டுநரின் உழைப்பு நேரத்துக்குச் சட்டம் வரம்பு விதிக்கிறது. வடக்கு ஆட்சிப்புலமும் மேற்கு ஆஸ்திரேலியாவும் நீங்கலாக ஏனைய பகுதிகளில் நடப்பிலுள்ள கனரக வாகனச் சட்டத்தின் பொதுவிதிப்படி, தனியாக ஓட்டும் ஓட்டுநர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது. வண்டி நின்ற நிலையில் தொடர்ச்சியாக ஏழு மணி நேர ஓய்வும் அவருக்குக் கட்டாயம். நெடும்பயணங்களில் இரண்டு ஓட்டுநர்களை அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடும் இதனால்தான் உண்டு.

மாணவர்கள் சலிப்போடு பூட்டிக்கொள்ளும் இருக்கைப் பட்டைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1989 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிராஃப்டன் அருகே சரக்கு லாரியும் பேருந்தும் மோதியதில் 21 பேரும், அதே ஆண்டு டிசம்பரில் கெம்ப்சி அருகே இரு பேருந்துகள் நேருக்கு நேர் மோதியதில் 35 பேரும் உயிரிழந்தனர். இவ்விரு விபத்துகளுக்குப் பின் பேருந்து வடிவமைப்பு விதிகள் திருத்தப்பட்டு, 1990-களின் நடுப்பகுதி முதல் புதிய சுற்றுலாப் பேருந்துகளில் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிணைக்கும் பட்டைகள் கட்டாயமாயின. அவ்விரு விபத்துகளும் கடற்கரை நெடுஞ்சாலையில் நிகழ்ந்தவை என்றாலும், மருத்துவமனைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உள்நிலத்தில்தான் அவற்றின் பாடம் கூடுதலாகப் பொருந்துகிறது.

அடிலெய்டைத் தவிர்த்து மில்டுரா வழியாகச் செல்லும் பேருந்துகள், தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைக் கடந்ததும் யாம்பா என்ற இடத்திலுள்ள சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுகின்றன. பழ ஈ எனும் பூச்சி அப்பகுதியின் தோட்டங்களுக்குள் புகுந்துவிடாதிருக்க, பயணிகள் கொண்டுவரும் ஆப்பிள், ஆரஞ்சு, தக்காளி போன்றவை அங்கே கைவிடப்பட வேண்டும். மீறுவோருக்கு அபராதம் உண்டு. காலையில் தாய்மார் கட்டிக் கொடுத்த பழங்கள் பேருந்துக்குள்ளேயே அவசரமாகத் தின்று தீர்க்கப்படுவதும், எஞ்சியவை சாலையோரத் தொட்டியில் விழுவதும், ஒரு மாநிலத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான கோடு வேளாண்மைக்கு எவ்வளவு முக்கியமானது என்பதைப் புவியியல் பாடநூலைவிடத் தெளிவாக உணர்த்திவிடுகின்றன.

போர்ட் அகஸ்டாவில் தொடங்கி டார்வினில் முடியும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, தென்முனையிலிருந்து வடமுனைக்கு 2,700 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் கொண்டது. 1861-62இல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து திரும்பிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயரைத் தாங்கும் இச்சாலைக்கு முழுவதும் தார் இடப்பட்டது 1987இல்தான் என்பதால், இன்றைய மாணவர்களின் தாத்தா பாட்டிகள் இவ்வழியே வந்திருந்தால் நாள் முழுவதும் புழுதியையே விழுங்கியிருப்பர். இருபுறமும் உப்பு பூத்த ஏரிகளும், இடுப்பளவு உயர்ந்த நீலச்சாம்பல் நிறப் புதர்களும், இரும்பு ஆக்சைடால் சிவந்த மண்ணும் மணிக்கணக்கில் மாறாமல் வருகின்றன. எதிரே வருபவை பெரும்பாலும் 'ரோடு டிரெயின்' எனப்படும் சரக்கு வண்டிகள். ஒரே இழுவை வண்டியின் பின் மூன்று நான்கு பெட்டிகளைக் கோத்து 53.5 மீட்டர் வரை நீளும் இவை பக்கவாட்டில் கடந்து செல்கையில், எழும் காற்று பேருந்தையே ஒரு கணம் அசைத்துவிடும். கிளெண்டாம்போ என்ற சிற்றூரைத் தாண்டினால் கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்கு எரிபொருளும் இல்லை, கடையும் இல்லை. கைப்பேசித் தொடர்பு ஊர்களை ஒட்டி மட்டுமே கிடைப்பதால், ஆசிரியர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கையோடு வைத்திருக்கின்றனர்; மாணவர்களின் கையிலுள்ள திரைகள் மெல்ல மெல்லப் பயனற்றுப் போகின்றன.

அந்தியும் விடியலும் கங்காருக்கள் மேய வரும் வேளைகள் என்பதோடு, வேலியற்ற மேய்ச்சல் பண்ணைகளின் மாடுகளும் சாலையில் நிற்கும் என்பதால், பேருந்துகள் இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்துவிட முயல்கின்றன. அடிபட்டுக் கிடக்கும் கங்காருவின் மேல் ஆப்புவால் கழுகு அமர்ந்திருப்பதும், வண்டி மிக அருகில் வந்த பின்னரே கனத்த இறக்கைகளை விரித்து வேண்டாவெறுப்பாக எழுந்து நகர்வதும், நகரத்துப் பிள்ளைகள் சன்னலோரம் கூட்டமாகச் சாயும் தருணங்கள். இரவுத் தங்கல் பெரும்பாலும் கூடாரத்திலோ 'சுவாக்' எனும் கித்தான் படுக்கையிலோ அமைகிறது. மெத்தை, போர்வை, மேலுறை மூன்றையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டிய இது, மாடு மேய்ப்போரும் நாடோடித் தொழிலாளரும் பயன்படுத்தி வந்த பொருள். ஜூலையில் பாலைநில இரவு வெப்பநிலை சில நாள்களில் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். காலையில் கித்தானின் மேல் படிந்த வெண்பனியைத் தட்டிவிட்டு, விறைத்த விரல்களால் வாரை இறுக்கிச் சுருட்டும் வேலையை எவரும் மாணவருக்காகச் செய்து தருவதில்லை. பேருந்தின் பின்னே இழுத்து வரப்படும் சமையல் வண்டியில் முறை வைத்துக் காய்கறி நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அவ்வாறே.

கூபர் பீடியில் 1915இல் ஒரு பதினான்கு வயதுச் சிறுவன் ஓப்பலைக் கண்டெடுத்ததிலிருந்து ஊரின் கதை தொடங்குகிறது. மாணவர்களின் வயதையொத்த ஒருவன் என்பதாலேயே வழிகாட்டிகள் அதைத் தவறாமல் சொல்கின்றனர். கோடையில் வெளியே 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் வெப்பத்துக்கு அஞ்சி, பாறையைக் குடைந்து அமைத்த வீடுகளிலும் தேவாலயங்களிலும் மக்கள் வாழ்கின்றனர். குளிரூட்டி இல்லாமலே உள்ளே ஆண்டு முழுவதும் 23 முதல் 25 டிகிரி வரை நிலவுகிறது. எனினும் இப்பகுதியில் பேருந்தின் சன்னலுக்குத் தெரியாதவையே அதிகம். கூபர் பீடிக்கு மேற்கே, எமு ஃபீல்டு என்ற இடத்தில் 1953 அக்டோபரில் பிரிட்டன் இரண்டு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. 1956 முதல் தென்மேற்கே மரலிங்காவில் சோதனைகள் தொடர்ந்தன. கதிரியக்கத் தூசு பரவிய நிலம் தொல்குடி மக்கள் வாழ்ந்து நடமாடிய நிலம். இதனை ஆராய்ந்த அரச ஆணையம் 1985இல் அறிக்கை அளித்தது. குகைவீட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் பயணத் திட்டங்கள் இதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குகின்றனவா என்பது அந்தந்த வரலாற்று ஆசிரியரைப் பொறுத்த செய்தியாகவே இருந்து வருகிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டம், தொல்குடியினர் வரலாற்றையும் பண்பாட்டையும் எல்லாப் பாடங்களிலும் ஊடாட வேண்டிய முன்னுரிமைகளுள் ஒன்றாக வகுத்திருக்கும்போது, இதைத் தனி ஆசிரியரின் ஆர்வத்துக்கு விட்டுவிடுவது சரியாகாது.

உலுரு, சுற்றுநிலத்துக்கு மேல் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் மணற்பாறை. 1985 அக்டோபர் 26 அன்று அதன் உரிமை, அந்நிலத்தின் மரபுவழி உடைமையாளர்களான அனாங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனைத் தேசியப் பூங்காவாகப் பேண 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் அளித்தனர். பாறையின் மீது ஏற வேண்டாம் என்று அனாங்கு மக்கள் பல்லாண்டுகள் வேண்டிக்கொண்ட போதிலும், 1960-களில் பதிக்கப்பட்ட சங்கிலியைப் பிடித்தபடி சுற்றுலாப் பயணிகள் ஏறிக்கொண்டுதான் இருந்தனர். குறைந்தது 37 பேர் அம்முயற்சியில் இறந்தனர். பூங்கா மேலாண்மை வாரியம் 2017இல் முடிவெடுத்து, நிலம் திரும்பக் கிடைத்த நாளின் 34ஆம் ஆண்டு நிறைவான 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதை அடியோடு தடை செய்தது. அதற்கு முன் வந்த வகுப்புகளுக்கு உச்சியை அடைவதே சாதனையாக இருந்தது. இப்போது வருவோர் பாறையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் நடக்கின்றனர். புனித இடங்கள் சிலவற்றில் படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகளின் முன் கைப்பேசியைத் தாழ்த்துகின்றனர். அடிவாரத்திலுள்ள முட்டிட்ஜுலு குடியிருப்புக்குள் அனுமதி பெறாமல் எவரும் நுழைய முடியாது. கல்வி என்ற வகையில் பழைய ஏற்றத்தைவிட இந்த நடை மேலானது என்றே சொல்ல வேண்டும். தனக்கு அனுமதி இல்லாத இடமும் உண்டு என்பதைப் பதினைந்து வயதில் அறிந்துகொள்வது சிறிய செய்தியன்று.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய தந்தி நிலையம் ஒன்று காக்கப்பட்டு வருகிறது. அடிலெய்டையும் டார்வினையும் இணைத்து 1872இல் நிறைவுற்ற 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பியின் இடைநிலையமாக விளங்கிய அக்கல் கட்டடங்கள், பொறியியல் சாதனையின் சின்னமாகவே முதலில் காட்டப்படுகின்றன. ஆனால் அதே வளாகத்தில் 1932 முதல் 1942 வரை, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட கலப்பினத் தொல்குடிப் பிள்ளைகளுக்கான 'பங்களா' என்ற அரசு நிறுவனம் இயங்கியது. இவ்வாறு பிரிக்கப்பட்டோரிடம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2008 பிப்ரவரி 13 அன்று முறைப்படி மன்னிப்புக் கோரியது.

அந்நகரின் வானொலிப் பள்ளி 1951இல் தொடங்கப்பட்டது. ஜான் ஃபிளின் 1928இல் நிறுவிய பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி வலையமைப்பை, பாடம் நடத்தவும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில் பிறந்த இப்பள்ளி, ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் பண்ணைகளின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கிறது. வானொலியின் இடத்தை இன்று செயற்கைக்கோள் வழி இணையம் பிடித்துவிட்டது. வீட்டில் தாயோ, அமர்த்தப்பட்ட பயிற்றுநரோ உடனிருந்து பாடத்தைக் கவனிக்கின்றனர். பார்வையாளர் கூடத்திலிருந்து பாடம் நடப்பதை நேரில் காணும் வகுப்பு, தாம் ஐந்தாறு நாள்களாக அலுத்துக்கொண்டு கடந்த தொலைவு, வேறு சில பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் அன்றாடம் என்பதை அங்கேதான் முதன்முறையாக உணர்கிறது. விமானத்தில் வந்திறங்கியவர்களுக்கு அந்த உணர்வு வர வழியில்லை. அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்தமாகக் கடந்த தொலைவு இருப்பதில்லை.

மெல்போர்னிலிருந்து உலுருவுக்கு மூன்று மணி நேரத்தில் பறந்து, சில நாள்களில் திரும்பிவிடும் சுருக்கப் பயணங்களும் இன்று கிடைக்கின்றன. வகுப்பு நாள்கள் வீணாவதில்லை, பெற்றோரின் கவலை குறைகிறது என்பன அவற்றுக்குச் சொல்லப்படும் நியாயங்கள். நெடும்பயணத்தின் கட்டணம் எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதன்று என்பதும், அதனால் வீட்டிலேயே நின்றுவிடும் மாணவர் உண்டு என்பதும் மறுக்க முடியாத குறைகள். ஆயினும் செலவைக் குறைக்க விரும்பும் பள்ளி, விடுதி அறைகளை விட்டுக் கூடாரத்துக்கு மாறலாம்; ஒட்டகச் சவாரியையும் நினைவுப் பொருள் கடைகளையும் திட்டத்திலிருந்து நீக்கலாம்; சாலையை மட்டும் குறைக்கக் கூடாது.