மலைத் தண்ணீரில் மறைவுப் படகு வேண்டுமா?

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் சதுப்புகளிலும் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் படகைச் சுற்றிச் சட்டகம் கட்டி, அதில் நாணலையும் கோரையையும் செருகி, உள்ளே துப்பாக்கியோடு குந்தியிருப்பார்கள். எதிரே தண்ணீரில் பொய் வாத்துகள் மிதக்கும். தம் இனம் மேய்கிறது என்று நம்பிக் கூட்டம் இறங்கி வரும்போது புதருக்குள்ளிருந்து வெடி கிளம்பும். இந்த மறைவுப் படகை இன்று வேட்டைக்காரர் மட்டும் வைத்திருக்கவில்லை. நீர்ப்பறவைகளைப் பக்கத்தில் படம்பிடிக்க விரும்பும் புகைப்படக்காரர்களும் அதே உத்தியை எடுத்துக்கொண்டுள்ளனர். காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை, கிரகரி வாவி என்று தோட்டங்களுக்கு நடுவே இவ்வளவு தண்ணீர் விரிந்து கிடக்கும் இலங்கை மலையகத்தில் அப்படி ஒரு படகை இறக்கலாமா? துப்பாக்கிக்காக என்றால் பேச்சே வேண்டாம். கமராவுக்காக என்றாலும் வேண்டாம் என்பதே என் முடிவு. பறவைமேல் உள்ள பரிவு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நம் மலையில் வாழும் பறவைகள் எவை, அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது, அதன் கரை எப்படி இருக்கிறது என்று பார்த்தால் மறைவுப் படகு அங்கே தன் வேலையைச் செய்யவே முடியாது என்பது விளங்கும்.

முதலில் வேட்டையைப் பேசிவிடலாம், ஏனென்றால் இந்த மலைக்கு அதில் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோடு மரைகளைத் துரத்தி வேட்டையாடியவர். அந்த அனுபவங்களை நூலாகவும் எழுதினார். அவருக்கு முன்பே மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இன்று ஹோட்டன் சமவெளியில் மரைகள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். யானை ஒன்றுகூட இல்லை. கையிருப்பு தீர்கிறது என்பதை வேட்டைக்காரர்களே உணர்ந்ததால்தான் 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் உருவானது. இன்றைய வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. பின்னர் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பலமுறை திருத்தப்பட்டுள்ள அந்தச் சட்டம் இலங்கையின் மிகப் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. துரைமார் பொழுதுபோக்காகச் சுட்ட காலம் போய்விட்டது. ஆனால் வேட்டை போய்விடவில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி இன்னும் தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இடையில் கிடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி அருகே லக்சபான தோட்டப் பகுதியில் அப்படியொரு கம்பியில் மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாட்களில் அது இறந்துபோனது. பன்றிக்கு வைத்தது சிறுத்தையைக் கொன்றது. எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதோடு, எந்தக் கருவியால் பிடிக்கப் போகிறோம் என்பதையும் ஏன் யோசிக்க வேண்டும் என்பதற்கு இந்த மலையிலேயே கிடைத்த சாட்சி இது. வாத்து வேட்டைக்குப் பேர்போன நாட்டிலும் இந்த யோசனை சட்டமாகியிருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அமிழ்த்திய தொட்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுடும் முறையை அமெரிக்கா 1935 இல் தடைசெய்தது. ஓடும் விசைப்படகிலிருந்து சுடவும் அங்கே இடமில்லை. இயந்திரத்தை நிறுத்தி, படகின் ஓட்டம் அடங்கிய பிறகே துப்பாக்கியைத் தூக்கலாம்.

இனி பறவைக்கு வருவோம். வாத்துகளுக்காகத்தான் மறைவுப் படகு என்றால், அவை பெருங்கூட்டமாக இந்த மலைக்கு வருவதே இல்லை. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை இலங்கையில் இறங்குவது மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகள், அம்பாந்தோட்டைக் கரையோரம் போன்ற வெப்பமான, ஆழமற்ற நீர்ப்பரப்புகளில். வங்காலையும் புந்தலவும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டதற்கு இந்தக் கூட்டங்களும் காரணம். வாத்துகள் தலையை அமிழ்த்தி அடிச்சேற்றைச் சலித்துத் தின்பவை. அவற்றுக்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும். காசல்ரீயும் மவுசாகலையும் அப்படிப்பட்டவை அல்ல. மின்சாரத்துக்காக ஆற்றுப் பள்ளத்தாக்கை மறித்து 1965 இலும் 1969 இலும் கட்டி முடித்த அணைகள் அவை. கரையை விட்டு நாலடி வைத்தால் ஆழம் தொடங்கிவிடும். அங்கே நாம் காண்பது நீர்க்காகம், கொக்கு, நாரை, முக்குளிப்பான், நீரோரம் ஓடும் கானாங்கோழி, மேலே வட்டமிடும் பருந்து. இவற்றில் எதுவும் பொய் வாத்தைக் கண்டு இறங்கி வராது. நீர்க்காகம் மீனைத் தேடி நீருக்கடியில் போகும், முக்குளிப்பான் ஆபத்தைக் கண்டதும் மூழ்கி வேறிடத்தில் எழும்.

மறைவுப் படகு பலிப்பதற்கு அதன்மேல் போர்த்திய புல் மட்டும் போதாது. சுற்றிலும் அதே புல் இருக்க வேண்டும். வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே அது ஏறக்குறைய எல்லாத் திசையையும் பார்க்கிறது. நிறத்தை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறிகிறது. அந்தக் கண்ணை ஏமாற்ற வேண்டுமானால் புதியது எதுவும் முளைத்ததாக அதற்குத் தோன்றக் கூடாது. இந்தியாவின் பழைய பறவை பிடிப்பாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வெறும் மண்பானைகளை நாட்கணக்கில் குளத்தில் மிதக்க விட்டு, வாத்துகள் அவற்றுக்குப் பழகிய பிறகு, அதே போன்ற பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்துபோய்க் காலைப் பிடித்து இழுப்பார்கள். அவர்களுடைய வெற்றி பானையால் வந்ததைவிடப் பழக்கத்தால் வந்தது. நம் நீர்த்தேக்கங்களிலோ கரையே நிலையாக இல்லை. மின்னுற்பத்திக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும். மழை கொட்டினால் ஏறும். ஆகவே தேயிலைக்கும் தண்ணீருக்கும் நடுவே மண்ணும் கல்லுமான மொட்டைப் பட்டை ஒன்று எப்போதும் இருக்கிறது. நாணல் காடு வளர்வதற்கு அங்கே அவகாசம் இல்லை. அந்த வெறும் கரைக்கு முன்னால் இலை தழை போர்த்திய படகு வந்து நின்றால் மொட்டைத் தலையில் வைத்த பூக்கூடை மாதிரி அதுதான் முதலில் கண்ணில் படும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மனித உயிர். அணைக்குள் மூழ்கியவை வெறும் பள்ளத்தாக்குகள் அல்ல. மவுசாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்கள் வெளியே தெரிவதும் மக்கள் பார்க்கப் போவதும் தோட்ட மக்களுக்குத் தெரிந்த காட்சி. நீர் பாதி ஏறிய காலத்தில் அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். மறைவுக்காகப் படகின் நான்கு பக்கமும் சட்டகம் உயர்த்தினால் அது காற்றைப் பாய்மரமாக வாங்கும், பாரம் மேலே ஏறிச் சரியும், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது, வெளியே வரும் விசைப்படகுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. கவிழ்ந்தால் சட்டகமே வலையாகி ஆளைச் சிக்க வைக்கும். கிரகரி வாவி கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுவதும் உண்டு. வலசைப் பறவைகளைத் தேடிப் போகும் பருவமும், விடியற்காலைக் குளிர் உச்சத்தில் இருக்கும் பருவமும் ஒன்றே. அந்தத் தண்ணீரில் விழுந்தவருக்குக் கைகால் விறைக்க அதிக நேரம் பிடிக்காது. வாத்து வேட்டையில் துப்பாக்கிக் குண்டைப் போலவே படகு கவிழ்வதும் பெரிய ஆபத்து என்று வேட்டை நடக்கும் நாடுகளிலேயே எச்சரிக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கிரகரி வாவியில் விசைப்படகுகளும் மிதிபடகுகளும் நாள் முழுவதும் இரைச்சலோடு சுற்றுகின்றன. அமைதியாக ஒரு மூலையில் நிற்கும் மறைவுப் படகு அவற்றைவிடப் பறவைக்கு நல்லதுதானே? மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் உல்லாசப் படகு ஒரே தடத்தில், ஒரே சத்தத்தோடு போய்வருகிறது. பறவை அதற்குப் பழகி, அந்தத் தடத்தை விட்டு ஒதுங்கி ஓர் ஓரத்தில் வாழக் கற்றுக்கொள்கிறது. மறைவுப் படகு தேடிப் போவது அந்த ஓரத்தைத்தான். வாவியில் பறவைக்கு மிஞ்சியிருக்கும் கடைசி ஒதுக்கிடத்துக்குள் அது நுழைகிறது. முக்குளிப்பானின் கூடு நீர்ச்செடிகளில் கட்டிய மிதவை. ஆள் அரவம் கேட்டதும் தாய்ப்பறவை முட்டைகளைச் செடித் துணுக்குகளால் மூடிவிட்டு நழுவிவிடும். படகு இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றால் அந்த இரண்டு மணி நேரமும் முட்டைக்குச் சூடு இல்லை. மலைக் காற்றில் அது சின்ன விஷயம் அல்ல. கமரா கொல்வதில்லை என்பது உண்மை. ஆயினும் கூட்டை விட்டு விரட்டப்பட்ட பறவைக்கு விரட்டியது துப்பாக்கியா கமராவா என்ற வேறுபாடு இல்லை.

இன்னொரு மறுப்பை நான் இன்னும் மதிக்கிறேன். தோட்டத்து இளைஞர்களுக்குக் கொழுந்துக் கூலிக்கு வெளியே ஒரு பிழைப்பு வேண்டும். பறவை பார்க்க வருவோரைப் படகில் கூட்டிப்போனால் நாலு காசு கிடைக்குமே என்பது அது. கிடைக்க வேண்டும் என்றே நானும் சொல்கிறேன், ஆனால் அதற்குப் படகு தேவையில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் மகாராஜாக்கள் வாத்து சுடுவதற்கென்றே ஈரநிலத்தை உருவாக்கி, மறைவிடங்கள் அமைத்து, வைஸ்ராய்களை அழைத்தார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கடைசிப் பெருவேட்டை 1964 இல் நடந்தது. 1985 இல் அந்த ஈரநிலம் உலக மரபுரிமைத் தலமானது. இன்று அங்கே வருவோரை அழைத்துச் செல்பவர்களில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் முக்கியமானவர்கள். பயிற்சி பெற்ற அவர்கள் பறவைகளின் பெயரும் பழக்கமும் சொல்லி அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறார்கள். நீர் நிறைந்த காலத்தில் துடுப்புப் படகும் விடப்படுவதுண்டு. ஆனால் அது தாழ்வான, ஆழமற்ற சதுப்பு. பூங்கா நிர்வாகத்தின் கண்காணிப்பில் நடப்பது. தமிழ்நாட்டின் வேடந்தாங்கலில் படகே கிடையாது. ஏரிக்கரை மேலும் காவல்கோபுரத்திலும் நின்றுதான் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட, 1798 இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை ஏற்றுக்கொண்டார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடம் பரத்பூரின் ரிக்‌ஷாவுக்கு நிகரான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகும் வீதிகளில் நாள் முழுக்க ஓடும் ஓட்டோக்களுக்கு இந்தப் பறவைகள் பழகிவிட்டன. நடந்து வரும் ஆளைக் கண்டு எழும் கொக்கு, நின்றிருக்கும் வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தண்ணீரோரம் வீதி செல்லும் இடத்தில் ஓட்டோவை ஒதுக்கி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, இறங்காமல் உள்ளேயே இருந்தால் அதுதான் மலிவான, பாதுகாப்பான மறைவிடம். நீண்ட நேரம் காத்திருக்க விரும்புவோருக்குக் கரைக்கு மேலே, தேயிலைச் செடிகளின் விளிம்பில் சாக்குத் துணியால் ஒரு சிறு மறைப்புப் போதும். விடியுமுன் போய் உட்கார்ந்து, பறவைகள் தாமாக விலகிய பின் எழுந்து வர வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். படத்தில் பறவை கொஞ்சம் சிறியதாக விழும், அவ்வளவுதான் நட்டம். சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்களும் வனஜீவராசிகள் திணைக்களமும் படகுக்கு முதல் போடுவதற்குப் பதிலாக, இந்த வீதிகளில் ஓட்டோ ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தொலைநோக்கியும், தமிழில் ஒரு பறவைக் கையேடும், சில வாரப் பயிற்சியும் கொடுக்கட்டும். அந்த வேலையை அடுத்த வலசைப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே தொடங்கிவிடலாம்.