தட்டு தேயாது, ரிக்கார்டு தேயும்!

"பழைய டர்ன்டேபிள்தான் சார் டர்ன்டேபிள். இப்ப வர்றதெல்லாம் பொம்மை!"

இப்படிச் சொல்லும் ஆசாமிகளிடம் வாதாடக் கூடாது. காபியை வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்வதில் பாதி நிஜம், பாதி மயக்கம். எது எந்தப் பாதி என்று தெரியாவிட்டால் பழுத்துவிடும் பர்ஸ்.

முதலில் நிஜம். இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரில் 1950-களில் காரர்டு கம்பெனி 301 என்று ஒரு மாடல் செய்தது. பி.பி.சி.யே வாங்கிப் போட்ட ரகம். மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றும். தட்டுக்கு வேண்டியதோ 33⅓. நடுவே நின்று பஞ்சாயத்து பண்ணுவது ஒரு ரப்பர் சக்கரம். சுவிட்சைத் திருப்பினால் அந்தக் கனமான தட்டு சட்டென்று வேகம் பிடிக்கும். இன்றைக்கும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மந்திரமில்லை. ஸ்க்ரூவைக் கழற்றலாம், எண்ணெய் விடலாம், சக்கரத்தை மாற்றலாம். செத்துப்போன சிப்புக்காக யார் காலிலும் விழ வேண்டாம்.

இனி மயக்கம். அதே ரப்பர் சக்கரம் மோட்டாரின் உறுமலையும் தட்டுக்குக் கொண்டு வரும். தட்டிலிருந்து ஊசி, ஊசியிலிருந்து ஸ்பீக்கர். பாட்டுக்குப் பின்னால் யாரோ மாவு அரைக்கிற மாதிரி இருக்கும். 1961-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், மெல்லிய பெல்ட்டால் தட்டைச் சுற்றவிட்டு, தட்டையும் ஊசிக் கையையும் ஸ்பிரிங்கில் நிறுத்தி, உறுமலை அடக்கினார். 1972-ல் ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200, பெல்ட்டும் வேண்டாம் சக்கரமும் வேண்டாம் என்று மோட்டாரையே தட்டின் அடியில் வைத்தது. 2010-ல் அதை நிறுத்தி, 2016-ல் புது மோட்டாரோடு திரும்பக் கொண்டு வந்தார்கள். கருவி வைத்து அளந்தால் நல்ல புதுசு பழசை ஜெயிக்கும். ஆனால் விலை? 2016-ல் வந்த முதல் ஸ்பெஷல் பதிப்பு சுமார் 4,000 டாலர்!

அதனால்தான் பலர் சூட்கேஸ் மாதிரி அழகாக இருக்கும் மலிவு பிளேயரில் போய் விழுகிறார்கள். விஷயமே இங்கேதான். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜின் ஊசி ரிக்கார்டின் மேல் சுமார் 2 கிராம் அழுத்தும். இந்தப் பெட்டிகளில் பலவற்றில் 5 கிராம் வரை போகும். எல்.பி.யின் ஒரு பக்க வரியை நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் கலப்பை மாதிரி உழுதுகொண்டு போகும். பழசு என்பதற்காக மன்னிப்பும் கிடையாது. அந்தக் காலத்துப் பெட்டி மாடல்கள் பலவும் இதே ஜாதிதான்.

பி.காமில் மெஷினுக்குத்தான் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே கணக்கு தலைகீழ். மெஷினை மாற்றிக்கொள்ளலாம். அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ரிக்கார்டு, மறுபடி அச்சாகாத ரிக்கார்டு, தேய்ந்தால் போச்சு. அதுதான் மூலதனம்.

பழசுதான் வேண்டும் என்கிறீர்களா? மூன்று கேள்வி கேளுங்கள். புது ஊசி கிடைக்குமா? ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா? அமெரிக்காவிலிருந்து வந்ததா? மூன்றாவது முக்கியம். அங்கே 60 சைக்கிள் மின்சாரம், இங்கே 50. அந்தக் கால ஏ.சி. மோட்டார்கள் பெரும்பாலும் சைக்கிளைப் பார்த்துத்தான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. 33⅓ சுற்ற வேண்டியது 28-க்கு இறங்கிவிடும். சுசீலா பாட ஆரம்பித்தால், "யாருங்க, டி.எம்.எஸ்ஸா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். 50 சைக்கிளுக்கான புல்லி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் பழசு. வராவிட்டால் ஊசியின் கனத்தைத் திருகிச் சரிசெய்ய வசதியுள்ள, சுமாரான புதுசு. இரண்டுமே கட்டுப்படியாகாவிட்டால்?

ரிக்கார்டை உறையோடு நிமிர்த்தி அலமாரியில் வையுங்கள். சம்பளம் ஏறும்வரை அது காத்திருக்கும்.