ஸ்நார்க்கல் மாட்டினால் மட்டும் போதாது

கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில், வெள்ளத்துக்குப் பயந்து ஏற்றி நிறுத்திய கார்கள் வரிசைகட்டி நின்ற காட்சியை 2024 அக்டோபரில் பார்த்தோம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023இல் மிக்ஜாம் புயலும் கற்றுத்தந்த பாடம் அது. தார், குர்கா போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு யோசனையும் வருகிறது: ஸ்நார்க்கல் மாட்டிவிடலாமே? மட்கார்டு பக்கத்திலிருந்து கிளம்பி, முன்கண்ணாடித் தூணை ஒட்டிக் கூரை வரை ஏறும் அந்தக் கறுப்புக் குழாய், இன்ஜின் இழுக்கும் காற்றை உயரத்திலிருந்து எடுத்துத் தருகிறது. நல்ல பொருள்தான். அதை நம்பி எவ்வளவு ஆழத்தில் இறங்கலாம் என்பதில்தான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

குர்காவையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்ஸ் நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஸ்நார்க்கல் பொருத்தித் தருகிறது. குழாயின் வாய் கூரை மட்டத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் நிறுவனம் சொல்லும் ஆழ வரம்பு 700 மி.மீ. ஸ்நார்க்கல் இல்லாமல் வரும் தாருக்கு 650. குழாய் அவ்வளவு உயரம் போயும் வரம்பு ஏன் கூடவே ஏறவில்லை?

தண்ணீர் நுழைய வேறு வழிகள் நிறைய இருப்பதால்தான். டிஃபரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் காற்று போய்வரச் சின்னதாக ஒரு பிரீதர் உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் தாழ்வாக இருந்தால் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சி ஆயிலைப் பால்போல வெளுக்க வைத்துவிடும். ஆல்டர்னேட்டர், ஒயரிங் கனெக்டர்கள், கதவு ரப்பர் எதற்கும் ஸ்நார்க்கல் காவல் இல்லை. ஓடும் தண்ணீர் இன்னும் மோசம். ஓரடி வேகநீரே சின்னக் காரை நகர்த்திவிடும். இரண்டடி, பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். 700 மி.மீ. என்பது இரண்டடிக்கும் மேல். ஆகவே அந்த வரம்பைத் தேங்கிய தண்ணீருக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் காப்பது இன்ஜினை மட்டும். அந்தக் காப்பு சின்ன விஷயமில்லை. தார் டீசலின் 2,184 சிசி நான்கு சிலிண்டருக்குப் பிரிந்தால் ஒன்றுக்கு 546. டீசல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய 16இல் ஒரு பங்காக நசுக்குகிறது என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 40 மில்லிகூட இல்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஒரு சிலிண்டருக்குள் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் போனாலே பிஸ்டன் முட்டி நிற்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

இவ்வளவு கொஞ்சம் தண்ணீரே போதும் என்பதால்தான், பொருத்தும் வேலையில் காட்டும் அலட்சியத்தைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. வெளியே தெரியும் குழாயில் பிரச்சினை குறைவு. அது மட்கார்டைத் துளைத்து உள்ளே போய் ஏர் ஃபில்டர் பெட்டியைச் சேரும் இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கிட்டோடு வரும் காகித அச்சை ஒட்டி, முதலில் சின்ன பிட்டால் துளையிட்டு, பிறகுதான் ஹோல் சாவை வைக்க வேண்டும். வெட்டிய விளிம்பை அராவி, பெயின்ட் பூசாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு பிடிக்கும். தூணில் துளையிடும் முன் உள்ளே கர்ட்டன் ஏர்பேக்கோ ஒயரோ ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் சீலன்ட், அதன்மேல் இறுக்கமான கிளாம்ப். பல வண்டிகளில் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஈரம் வடிய ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது கிழிந்திருந்தால், மேலே எவ்வளவு உயரத்துக்குக் குழாய் இருந்தும் இன்ஜின் கீழிருந்தே தண்ணீரைக் குடிக்கும்.

வேலை முடிந்ததும் வண்டியை ஐட்லிங்கில் விட்டு, குழாயின் வாயைத் தடித்த ரப்பர் துண்டால் அடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கிருந்தோ காற்று வருகிறது. காற்று வரும் வழியில் தண்ணீரும் வரும். இந்தச் சோதனையைச் செய்துகாட்டாத ஷெட்டில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தண்ணீர் புகுந்து போன இன்ஜினுக்குப் பொதுவாகப் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதனால் துளை போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் விசாரித்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால் ஸ்நார்க்கலின் அன்றாடப் பலன் புழுதியில்தான் இருக்கிறது. டிராக்டர் பானெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயை நம் விவசாயிகள் காலங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. செம்மண் பாதையில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் தூசி சக்கர மட்டத்தில் அடர்த்தியாகவும் கூரை மட்டத்தில் மெலிந்தும் இருக்கும். குழாயின் தலையில் சுழல் முறையில் தூசியைப் பிரிக்கும் பிரீ கிளீனரை மாட்டினால், மண்ணில் பெரும்பகுதி அதன் கிண்ணத்திலேயே தங்கிவிடும். ஃபில்டருக்கு ஆயுள் கூடும். கிண்ணத்தை அவ்வப்போது கழற்றிக் கொட்டிவிட வேண்டும்.